கிச்சாப் சாப்பிடவில்லை

கோலாலம்பூர்
7-4-57

அன்புள்ள உங்களுக்கு,

சந்திரமதி எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நலம் என்று எழுதிப் பழகிய கைதான். ஆனால் காசநோய் வார்டில் உட்கார்ந்துகொண்டு அந்த வார்த்தையை எழுதக் கூச்சமாக இருக்கிறது. விட்டுவிட்டேன்.

நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் கட்டில்கள். காலையில் இடுப்பில் ஊசி, பிறகு தொண்டையில் சிக்கும் பெரிய மாத்திரைகள். மதியம் யாரும் வாய் திறக்கக் கூடாது. படுத்தபடி விட்டத்தைப் பார்க்க வேண்டும். சளி துப்புவதற்கு மூடி போட்ட தகரக் குவளை கொடுத்திருக்கிறார்கள். அதை ராத்திரியும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தூங்குகிறோம்.

அடுத்த கட்டிலில் நாச்சியம்மை என்று ஒரு செட்டிநாட்டுப் பெண். அவள் கணவர் ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறார். வந்து தூணுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசிவிட்டுப் போகிறார். அவர் போன பிறகு அவள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்கிறாள்.

நீங்கள் வர வேண்டாம். உங்களுக்கும் ஒட்டிக்கொண்டால் நம் இருவரையும் யார் பார்ப்பது? ஒரு வருஷம்கூட ஆகலாம் என்கிறார் டாக்டர். கடிதம் போடுங்கள், போதும். அதிலும் என்ன எழுதுவது என்று நீங்கள் தலையைச் சொறிவீர்கள் என்று தெரியும். கிச்சாப் எப்படி இருக்கிறான் என்று மட்டும் எழுதுங்கள்.

அவனை வாசல் பக்கம் விடாதீர்கள். லாரியில் அடிபட்ட பின்னங்காலோடு அவனால் அந்த ரோட்டைத் தாண்ட முடியாது.

சந்திரமதி


காஜா பெராங், மலாக்கா
21-4-57

சந்திரா,

கடிதம் கிடைத்தது. பூனையைப் பற்றி எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

உன் பூனை சாப்பிடவில்லை. நீ போன வாரத்திலிருந்தே இப்படித்தான். மீனும் சோறும் பிசைந்து வைத்தால் முகர்ந்து பார்க்கிறது. பிறகு அசிங்கத்தை மூடுவது போல, தட்டைச் சுற்றித் தரையைக் காலால் பறிக்கிறது. என் சமையலைப் பற்றிய அதன் அபிப்பிராயம் அதுவாக இருக்கலாம். நெத்திலிக் கருவாடு வைத்தால் மட்டும் இரண்டு தின்கிறது. முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது.

இன்னொன்று எழுத வெட்கமாக இருக்கிறது. மணல் பெட்டியில் ஒன்றுக்குப் போவதில்லை. முதலில் குளியலறை வாசலில் போனது. பிறகு கட்டிலில், புது மெத்தையில், சரியாக நீ படுக்கும் பக்கத்தில். விரிப்பை மாற்றினேன். மறுபடியும் அதே இடம். கோபத்தில் அதன் மூக்கை அதில் தேய்த்து, பேப்பரைச் சுருட்டி இரண்டு போட்டேன். கட்டிலுக்கு அடியில் போனதுதான், நான் வேலைக்குக் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

பத்து பெரெண்டாமிலிருந்து சாரதா அக்கா வந்து தங்கியிருக்கிறாள். சமையல் அவள்தான். "தம்பி, இந்தச் சனியன ஒரு கோணியில போட்டு பாசார்ல விட்டுட்டு வாடா. மீன் தலைய தின்னு பொழச்சுக்கும்லா" என்று தினமும் சொல்கிறாள். நீ எழுதும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

டிக்கெட் எடுக்காதவனை நடுவழியில் பஸ்ஸை விட்டு இறக்கிவிட எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக அதுதானே வேலை. இது எனக்குத் தெரியாத வேலை. என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

பொன்னுதுரை


கோலாலம்பூர்
28-4-57

அன்புள்ள உங்களுக்கு,

அவனை அடிக்காதீர்கள். எதற்கு அடி விழுந்தது என்று பூனைக்குப் புரியாது. உங்களைக் கண்டால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் புரியும். நாலு வருஷமாக ஒருநாள்கூடப் பெட்டிக்கு வெளியே போகாதவன் இப்போது போகிறான் என்றால் ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெட்டி எங்கே இருக்கிறது? நான் வைத்திருந்தது அடுப்பங்கரையில், விறகுக்குப் பின்னால். அங்கே யாரும் அவனைப் பார்க்க முடியாது. அவன் மட்டும் நம்மைப் பார்ப்பான். அதை நகர்த்தினீர்களா? எதைப் போட்டுக் கழுவினீர்கள்? உள்ளே என்ன போட்டிருக்கிறது? நான் கிளேபாங் கடற்கரை மணலைச் சலித்துப் போடுவேன், மூட்டை தீரும் சமயமாயிற்று.

தட்டு எங்கே வைக்கிறீர்கள்? பெட்டிக்குப் பக்கத்தில் என்றால் அவன் தொடமாட்டான். நீங்கள் தொடுவீர்களா? ஆறிப்போன மீன் அவனுக்கு மணக்காது. கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பிசையுங்கள். கருவாட்டை நிறுத்துங்கள். அது உப்பு. அவனோ தண்ணீர் குடிக்க எப்போதும் சோம்பேறி.

எங்கே தூங்குகிறான்? வெட்டுத் துணிகள் போட்டு வைப்பேனே, தையல் மிஷினுக்குக் கீழே கூடை, அதில்தானே?

நாச்சியம்மைக்கு உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். 'என் சமையலைப் பற்றிய அபிப்பிராயம்' என்ற இடத்தில் சிரித்துவிட்டு வெகுநேரம் இருமினாள். நர்ஸ் வந்து எங்கள் இருவரையும் திட்டினாள்.

இதை மூடி ஒட்டப் போனவள், உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். புது மெத்தை என்று எழுதியிருக்கிறீர்கள். நம் வீட்டில் புது மெத்தை ஏது?

சந்திரமதி


காஜா பெராங்
6-5-57

சந்திரா,

நீ கேட்டவற்றுக்குப் பதில்.

பெட்டி இப்போது வெளியே, குளியலறைச் சுவரோரம். அக்கா நகர்த்தினாள். பினாயில் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். மணல் வீடெல்லாம் சிந்துகிறது என்று மரத்தூள் வாங்கிப் போட்டிருக்கிறது. தட்டும் அங்கேதான் இருக்கிறது. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் கழுவிவிடச் சுலபம் என்று நானும் சரி என்றேன்.

கூடை இல்லை.

நீ போன அந்த வாரமே சுகாதார இலாகாவிலிருந்து ஓர் ஆள் வந்தார். நோயாளி படுத்த மெத்தை, தலையணை இரண்டையும் எரித்துவிட வேண்டும், மற்றவற்றை வெந்நீரில் ஊற வைத்து வெயிலில் போட்டால் போதும் என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். நான் காலை ஷிப்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது வீட்டின் பின்னால் வாழைக்குப் பக்கத்தில் சாம்பல் புகைந்துகொண்டிருந்தது. மெத்தை, தலையணை, உன் கட்டுச் சேலைகள், துண்டு, சீப்பு, துணிக்கூடை எல்லாம். அலமாரி மேலே தகரப் பெட்டியில் இருந்த கல்யாணச் சேலை மட்டும் அக்கா கண்ணில் படவில்லை. அது இருக்கிறது. வீடு முழுக்கப் பினாயில் போட்டுக் கழுவியிருந்தாள். அவளுக்கு பயம், சந்திரா. பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவள்.

நான் வீட்டில் இருந்திருந்தால் தடுத்திருப்பேனா என்று நீ கேட்பாய். தெரியவில்லை.

அதற்கப்புறம் பூனை அறை அறையாகக் கத்திக்கொண்டு திரிந்தது. சாப்பிடாததும் அப்போதிலிருந்துதான். நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் எழுதும்போது இதையும் எழுதிவிடுகிறேன். உன் கடிதங்களை அக்கா ஒருநாள் வெயிலில் காய வைத்துவிட்டுத்தான் என் கையில் தருகிறாள்.

பொன்னுதுரை


கோலாலம்பூர்
26-5-57

உங்கள் கடிதம் வந்து வெகுநாள் ஆகிவிட்டது. பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த வாயில்லாப் பிராணிக்காக எழுதுகிறேன்.

அவன் ஏன் சாப்பிடவில்லை என்று இப்போது தெரிகிறது. அவனைப் பொறுத்தவரை நான் செத்துப்போய்விட்டேன். வீட்டில் ஒரு நூலில்கூட நான் இல்லை. உங்கள் மெத்தையில் தேடிப் பார்த்திருக்கிறான். அங்கேயும் இல்லை. உயிரோடு இருக்கிறவளுக்கு இதையெல்லாம் யாராவது செய்வார்களா? நோய் வந்ததும் தெருப் பெண்கள் வந்து தைக்காத ரவிக்கைத் துணியைத் திருப்பி வாங்கிப்போனபோதுகூட நான் அழவில்லை.

பெட்டியைப் பழைய இடத்தில் வையுங்கள். பினாயில் வாடை போகும்வரை வெந்நீர் மட்டும் ஊற்றி ஊற்றிக் கழுவுங்கள். மரத்தூளைக் கொட்டிவிட்டு மணல் போடுங்கள். தட்டைத் தூரத்தில், மிஷின் பக்கத்தில் வையுங்கள். படுக்க உங்கள் காக்கிச் சட்டை ஒன்றைத் துவைக்காமல் போடுங்கள். என் வாசனை இனி அவனுக்குக் கிடைக்காது. உங்கள் வாசனைக்காவது பழகட்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அவன் கடுவன். பெட்டியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால், முக்கினால், ஒரு சொட்டும் வராமல் கத்தினால், அது சேட்டை இல்லை. எங்கள் தோட்டத்து வீட்டில் ஒரு கடுவன் அப்படித்தான் போனது, இரண்டே நாளில். அப்படி நடந்தால் என்னைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உடனே மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம். வெயிலில் காய வைத்துப் படிக்கிறவர்களுக்கு நானும் எழுதப்போவதில்லை.

சந்திரமதி


காஜா பெராங்
4-8-57

சந்திரா,

எழுத வேண்டாம் என்றாய். அதற்கப்புறம் இரண்டு எழுதினேன், பதில் இல்லை. இது மூன்றாவது.

உன் கடைசிக் கடிதத்தை நான் வெயிலில் வைக்கவில்லை. தபால்காரர் கையிலிருந்து வாங்கி ரோட்டோரத்தில் நின்றபடியே படித்தேன். அன்று சாயங்காலம் அக்காவிடம், "நீ வீட்டுக்குப் போக்கா, இனிமே நா பாத்துக்கறேன்" என்றேன். "பூனைக்காக என்னைத் துரத்துறியா?" என்று கேட்டாள். பூனைக்காக இல்லை என்று சொல்ல நினைத்தேன். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கோபத்தில்தான் போனாள்.

கிளேபாங்கிலிருந்து சைக்கிளில் மணல் கொண்டுவந்து சலித்துப் போட்டிருக்கிறேன். பெட்டி விறகுக்குப் பின்னால். மூன்றாம் நாள் அது பெட்டிக்குள் போய் அக்கறையாகக் குழி தோண்டி, முடித்து, மூடிவிட்டு வந்தது. இதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நிலைக்கு நான் வந்திருக்கிறேன் என்று பஸ் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை.

சட்டையில் தூங்குகிறது. சாப்பிடுகிறது, ஆனால் நான் பக்கத்தில் இருக்க வேண்டும். தட்டை வைத்துவிட்டு எழுந்து போனால் அதுவும் நிறுத்திவிட்டு என் பின்னாலேயே வருகிறது. அதனால் நானும் அடுப்பங்கரைத் தரையில் என் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். மேசையில் சாப்பிட்டால் எதிர் நாற்காலி கண்ணில் படுகிறது. தரையில் அந்தச் சங்கடம் இல்லை. சில நாள் வேலை விட்டு வந்த பிறகு தூங்கப் போகும்வரை நான் பேசுவது பூனையிடம் சொல்லும் நாலு வார்த்தைதான்.

ஊரெல்லாம் மெர்டேக்கா பேச்சு, சுதந்திரம் வரப்போகிறதே. 31-ஆம் தேதி கோலாலம்பூருக்கு எங்கள் கம்பெனி தனி பஸ்கள் விடுகிறது. ஒரு பஸ்ஸுக்கு என்னைப் பரிசோதகராகப் போட்டிருக்கிறார்கள், நானாகக் கேட்டு வாங்கியது. வராதே என்று நீ ஏப்ரலில் எழுதினாய். அதை மாற்றி நீ எழுதவே இல்லை. இருந்தாலும் வருகிறேன். மதியம் போல ஆஸ்பத்திரியில் இருப்பேன்.

பொன்னுதுரை


கோலாலம்பூர்
1-9-57

நேற்று காலையில் தலைக்குக் குளிக்க அனுமதி கேட்டு வாங்கினேன். சீன நர்ஸ் தன் பவுடர் டப்பாவைக் கொடுத்தாள். எங்களை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்து ரேடியோவை வாசலுக்கு நகர்த்தினார்கள். ஸ்டேடியத்தில் கூட்டம் மெர்டேக்கா, மெர்டேக்கா என்று கத்தியது இங்கேயும் கேட்டது. நடக்க முடிந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன்.

பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலாக்கா என்று துணி கட்டிய பஸ்கள் போயின. ஒவ்வொன்றிலும் காக்கிச் சட்டை தெரிகிறதா என்று பார்த்தேன். பார்வை நேரம் முடிந்து மணி அடித்தார்கள். ரேடியோவை எடுத்துப் போய்விட்டார்கள். கடைசியில் நர்ஸ் வந்து, "மிசஸ், உள்ள போகலாமா?" என்றாள்.

வராதீர்கள் என்று சொன்னது நான்தான். வராதே என்றால் வராமலேயே இருந்துவிடுவதா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அதைத்தான் யோசித்தேன். போகட்டும். ஆனால் வருகிறேன் என்று எழுதிவிட்டு வராமல் இருப்பதற்கு நான் காரணமில்லை.

நாச்சியம்மை போன வாரம் இறந்துவிட்டாள். கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பிகள் இரண்டு நாளாக என் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருக்கின்றன.

இன்னொரு விஷயம். ஊசியால் மட்டும் எனக்குக் குணமாகாதாம். இடது நுரையீரலில் ஒரு பாகத்தை அறுத்து எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். சிங்கப்பூரிலிருந்து சர்ஜன் மாதத்துக்கொரு தடவை வருகிறார். செய்தால் பிழைக்க வழி உண்டு, செய்யாவிட்டால் இப்படியே எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்றார். கணவர் வருகிறார், பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தேன். இன்று காலை டாக்டர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அறுத்து ஒட்டி என்னை எங்கே கொண்டு போய் வைப்பது? ஒரு சீப்புகூட இல்லாத வீட்டிலா?

சந்திரமதி


காஜா பெராங்
1-9-57

சந்திரா,

நீ காத்திருந்திருப்பாய். என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிச்சாப் பெட்டிக்குள் போனான். வந்தான். மறுபடியும் போனான். குளியலறை வாசலில் உட்கார்ந்தான், கோணிமேல் உட்கார்ந்தான். மறுபடியும் பழைய வேலையை ஆரம்பித்துவிட்டான் என்று நானும் ஒரு சத்தம் போட்டேன். மறுநாள் பஸ்ஸுக்குத் தயாராகி, உனக்குக் கொண்டுவர மாங்காய் ஊறுகாயும் பிஸ்கட்டும் கட்டி வைத்துவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை விடியலில் எழுந்தால் பெட்டியில் மணல் நனையவே இல்லை. அவன் மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தான். வயிற்றைத் தொட்டேன். எலுமிச்சம்பழம் போல உருண்டையாக, கெட்டியாக இருந்தது. தொட்டதும் கத்தினான் பார், அந்த மாதிரிச் சத்தத்தை நான் கேட்டதில்லை. நீ எழுதியது ஞாபகம் வந்தது. அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தும் பார்த்தேன்.

பஸ் நிலையத்துக்கு ஓடி, என் இடத்தில் தேவதாஸை ஏற்றிவிட்டேன். பார்சலைக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போய் உன்னிடம் சொல்லச் சொன்னேன். தந்தி ஆபீஸ் மூடிக் கிடந்தது. மிருக ஆஸ்பத்திரியும் பூட்டு. காவல்காரர், "இன்னைக்கு யாருலா வேல செய்வா? டாக்டர் கருணாகரன் வீடு பத்து பெரெண்டாம்ல, போய்ப் பாருங்க" என்றார்.

பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா, நீ பீபி என்று கூப்பிடுவாயே, அவர்தான் ரோத்தான் பிரம்புக் கூடை கொடுத்தார். மலாக்காச் செட்டிகள் வீட்டில் மலாய்தானே, அவருக்குத் தமிழ் வராது, எனக்கு அவர் மலாய் பாதிதான் புரியும். 'காசியான், காசியான்' என்று சொல்லிச் சொல்லி அவனைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்தார். பாவம் என்றுதானே அர்த்தம்? கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஊரே எதிரில் வந்தது. தென்னங்குருத்துத் தோரணம், கொடி, பள்ளிப் பிள்ளைகள், பேண்டு வாத்தியம். எல்லாரும் பாடாங் மைதானத்தை நோக்கிப் போகிறார்கள், நான் ஒருவன் மட்டும் எதிர்த்திசையில். யாரோ ஒருவர் என்னை நிறுத்தி கூடைமேல் ஒரு சின்னக் கொடியைச் செருகினார். உள்ளிருந்து இவன் கத்துகிறான். வேண்டாம் என்று சொல்ல நேரமில்லை, அப்படியே மிதித்தேன்.

டாக்டர் கோட்டு சூட்டோடு காரில் ஏறிக்கொண்டிருந்தார். மனைவி முன்னாலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் வழியில் சைக்கிளைப் போட்டேன். "சார், மூத்திரம் அடைச்சிருச்சு, நேத்து சாயங்காலத்துலேருந்து" என்றேன். அவர் கூடைக்குள் கைவிட்டு வயிற்றைப் பார்த்தார். கோட்டைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார்.

சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் செய்தார். நான் பிடித்துக்கொண்டேன். பென்சில் முனையைவிட மெல்லிய குழாய். முதலில் போகவில்லை. "விடாதீங்க, கெட்டியா பிடிங்க" என்றார். அவன் என் கட்டைவிரலைக் கடித்துப் பிடித்துக்கொண்டான். விரலை நான் இழுக்கவில்லை. கடைசியில் மண்ணும் ரத்தமுமாக ஒரு சொட்டு வந்தது, பிறகு கொட்டியது. டாக்டர் சட்டையெல்லாம் போயிற்று.

"இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தா போயிருக்கும். யார் சொன்னது உடனே கொண்டு வரணும்னு?" என்று கேட்டார்.

"என் சம்சாரம் சார். பூனை அவளோடது. கோலாலம்பூர்ல ஆஸ்பத்திரியில இருக்கா. அவ வர்ற வரைக்கும் இவன் இருக்கணும்."

அதைச் சொல்லிவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரின் மனைவி ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

பெட்டியை விட்டு வெளியே போனால் திமிர் என்று நினைக்க வேண்டாம், பாதி நேரம் அது வலிதான் என்றார் டாக்டர். பெட்டியில் போகும்போது வலித்தால், பெட்டிதான் கடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேறு இடம் தேடுமாம். கருவாடு கூடவே கூடாது, மீன் வேகவைத்த தண்ணீரைச் சோற்றில் தளர விட வேண்டும், தண்ணீரை இரண்டு மூன்று இடத்தில் வைக்க வேண்டும், பெட்டியைக் காலை மாலை அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். இதில் பாதியை நீ ஏப்ரலிலேயே எழுதிவிட்டாய். கருவாட்டை நான் முழுக்க நிறுத்தவில்லை, சந்திரா. அவன் ஆசையாகத் தின்கிறானே என்று கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை தேவதாஸ் வந்தான். பார்சலைப் பிரிக்காமல் அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்தான். கேட்டுவரை போனானாம், போர்டைப் பார்த்ததும் கால் வரவில்லையாம். "எனக்கும் புள்ளைங்க இருக்குலா" என்றான்.

கிச்சாப் இப்போது என் சட்டையில் படுத்திருக்கிறான். கொஞ்சம் மீன் தண்ணீர் குடித்தான். கட்டைவிரலில் கட்டு, அதனால் கையெழுத்து இப்படி.

பொன்னுதுரை


கோலாலம்பூர்
8-9-57

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையதை நீங்கள் படிப்பதற்குள் அது தொலைந்து போகக் கூடாதா என்று இருந்தது. இதற்குள் படித்திருப்பீர்கள்.

முதலில் கோபம்தான் வந்தது. இங்கே ஒருத்தி சாகக் கிடக்கிறேன், அங்கே பூனைக்கு வைத்தியமா என்று. கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு மதியம் முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசக்கூடாத நேரம் என்பதால் யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. நாச்சியம்மை இருந்தால் அவளிடமாவது கண்ணைக் காட்டியிருப்பேன்.

சாயங்காலம் மறுபடியும் படித்தேன். 'அவ வர்ற வரைக்கும்' என்று அந்த டாக்டரிடம் சொன்னீர்களாமே. முன்பின் தெரியாத மனிதரிடம் சொல்ல வந்திருக்கிறது. எனக்கு இத்தனை கடிதம் எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒன்றில்கூட நான் திரும்பி வருவேன் என்று நீங்கள் எழுதியதில்லை. மணல், மரத்தூள், மீன் என்று எழுதினீர்கள். நான் வரமாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் என் பொருள்களை எரிய விட்டீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் இல்லை என்று சொல்லவில்லை.

டாக்டரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். அக்டோபர் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. பயமாக இருக்கிறது. விலா எலும்பை விரித்துத்தான் உள்ளே போவார்களாம். பக்கத்துக் கட்டிலுக்கு இன்னும் யாரும் வரவில்லை. இருட்டிய பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை.

வாருங்கள். இதை மாற்றி எழுதவில்லை என்று சொன்னீர்களே, இதோ எழுதியிருக்கிறேன்.

கிச்சாப்பைப் பீபி வீட்டில் விடாதீர்கள், புது இடத்தில் சாப்பிட மாட்டான். பீபியை நம் வீட்டுக்கு வந்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். உங்களைப் போல் தரையில் உட்கார அவரால் முடியாது. சின்ன முக்காலி ஒன்றைப் போட்டு வையுங்கள்.

கட்டைவிரலைக் கவனியுங்கள். பூனைக் கடி சீழ் வைக்கும்.

சந்திரமதி


கோலாலம்பூர், ஆஸ்பத்திரி வராந்தா
10-10-57

சந்திரா,

இதை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நீ கண் விழித்துப் படிக்கும் நிலைக்கு வரும்போது நான் மலாக்காவில் இருப்பேன். இரண்டு நாள் லீவுதான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிறேன். கோலாலம்பூர் தடத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கொடுப்பார்கள் போலத்தான் இருக்கிறது.

நேற்று உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு இந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். போவதற்கு முன்னால் நீ என் விரலைப் பிடித்துத் தழும்பைப் பார்த்தாய். ஆறு மாதம் கழித்துப் பார்க்கிறேன். நீ இவ்வளவு மெலிந்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. அதை முகத்தில் காட்டிவிட்டேனோ என்று இங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டேயிருந்தேன்.

சர்ஜன் வெளியே வந்து என்னிடம் இங்கிலீஷில் பேசினார். எனக்குப் புரிந்தது நன்றாக முடிந்தது என்பதுதான். நர்ஸ் வந்து தமிழில் சொன்ன பிறகு நம்பினேன். இனி மாதக் கணக்கில் படுத்திருக்க வேண்டும், ஆனால் வீட்டுக்கு வரலாம் என்றாள்.

சாயங்காலம் உன்னைப் பார்க்க விட்டார்கள். வாயை மூடித் துணி கட்டச் சொன்னார்கள். கட்டிக்கொண்டு கட்டில் வரைக்கும் வந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் நிற்கவில்லை. உன் உடம்பில் எங்கே பார்த்தாலும் குழாய். தொட இடம் தெரியாமல் போர்வைக்கு மேலே உன் பாதத்தில் கை வைத்தேன்.

நீ கண் திறந்தாய். என்னைப் பார்த்தாய். உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. ஏதோ கேட்டாய், குனிந்தேன்.

"சாப்டீங்களா?"

"சாப்டேன்" என்றேன்.

உடனே தூங்கிவிட்டாய். மயக்க மருந்தில் பேசுவது எதுவும் பிறகு நினைவிருக்காது என்று நர்ஸ் சொல்கிறாள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். நீ கேட்டாய், சந்திரா.

நேற்று காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கேட்டுக்கு எதிரே ஒரு கடை தெரிகிறது. போய்ச் சாப்பிடப் போகிறேன்.

பொன்னுதுரை